எட்டாம் யுகத்துக்கு இடம்

வகுப்பு ஆறு மணிக்கு. பிரமு ஐந்தே முக்காலுக்கே வந்து, பச்சைப் படிவத்தில் தன் வாழ்க்கையை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். உப்புநீர் ஆலையில் வடிகட்டி கழுவிவிட்டு நேராக வந்ததால் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. ‘ஏழாம் வகுப்புச் சுற்றுலா, பேருந்தில் போன பகுதி மட்டும்’ என்று எழுதினாள். பிறகு சந்தேகம் வந்து அதை அடித்துவிட்டாள். அந்தப் பேருந்தில் அம்மா கட்டிக்கொடுத்த புளிச்சோறும் இருந்தது.

தூத்துக்குடியின் அந்த மாலைக் கல்லூரியில் உலக வரலாறு எட்டு யுகங்கள். ஆப்பிரிக்கப் புல்வெளியில் நிமிர்ந்து நடந்தவர்களில் தொடங்கி நேற்று வரை. எந்த ஆவணத்தையும் எந்தப் படத்தையும் நொடியில் போலியாகச் செய்யலாம் என்று ஆனபிறகு, அரசு எழுத்தை நம்புவதை விட்டுவிட்டது. மிஞ்சிய மெய்ச்சான்றுகளிலிருந்து தொகுத்த வரலாறு, நினைவேற்றி என்ற இயந்திரத்தின் வழியாக நேரே தலைக்குள் இறங்கும். எட்டும் இறங்கியவர்களில், கடைசி யுகத்தின் தேர்வில் முதலிடம் பெறுபவரே மாவட்டச் சான்றுநர். நீதிமன்றமும் பள்ளிகளும் அவர் சொல்லைத்தான் ஏற்கும். அந்த ஒரே இருக்கைக்காக பிரமு மூன்று வருடமாக வந்துகொண்டிருந்தாள்.

ஆனால் தலைக்குள் இடம் அளவானது. ஒரு யுகம் உள்ளே வர வேண்டுமானால், அதே பளுவுக்குச் சொந்த நினைவு ஏதாவது வெளியேற வேண்டும். வெளியேற்றும் முன் அதைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுவது வகுப்பின் வழக்கம். எழுதிவைப்பதை யாரும் நம்பவில்லை. கேட்டவர் வைத்திருப்பார்; வேண்டும்போது திருப்பிச் சொல்வார்.

பிரமுவுக்குப் பக்கத்து இருக்கை ஜெசிந்தா. கருவாட்டு ஏலக்கூடத்தில் வேலை. பாடத்தை ஒருமுறைகூட ஓதிப்பார்க்க மாட்டாள். ஆனால் அவள் முதல் நெருப்பைப் பற்றிப் பேசினால், வகுப்பே குளிர்காய வந்ததுபோல் நெருங்கி உட்காரும். தேர்வில் அவளுக்குத் தொண்ணூற்று நான்கு மதிப்பெண், பிரமுவுக்கு எழுபத்தொன்று. காரணம் பிரமுவுக்குத் தெரியும். தான் கொடுத்ததெல்லாம் வரிசையில் நின்ற பொழுதுகள், காய்ச்சலில் கிடந்த நாட்கள், பேருந்துக்குக் காத்திருந்த மாலைகள். அந்தச் சில்லறை இடத்தில் யுகங்கள் கிழிந்துதான் இறங்கின. ஜெசிந்தா அள்ளிக் கொடுத்தாள்.

ஐந்தாம் யுகத்துக்கு அவள் கொடுத்தது இறந்துபோன தன் அப்பாவை. ஒரு ஞாயிறு முழுக்க அவரைப் பற்றிப் பிரமுவிடம் சொல்லி முடித்தாள்.

“பயமா இல்லியாட்டி?” என்று கேட்டாள் பிரமு.

“எதுக்குப் பயம்? நீதான் வச்சிருக்கியே.”

அந்த அலட்சியம்கூட பிரமுவுக்கு எரிந்தது. அதன்பிறகு ஜெசிந்தா வாரம் ஒருமுறை அப்பாவைக் கேட்பாள். பிரமு ஒரு துண்டு சொல்வாள். கேட்டுவிட்டுச் சிரித்தபடி போய் அவள் மறுபடி முதலிடம் வாங்குவாள்.

எட்டாம் யுகம் வந்தது. நவீன காலம், எல்லாவற்றிலும் பளு மிகுந்தது. பிரமு தனியாகப் போய் எடைபார்க்கும் அறையில் உட்கார்ந்தாள். இயந்திரத்தை இயக்கும் செல்லையா அவள் நினைவுகளின் பளுவை ஒவ்வொன்றாகப் படித்தார். பள்ளிக்காலம் இருபத்திரண்டு. அம்மா எண்பது. பிறகு ஓரிடத்தில் முள் நிற்காமல் ஏறி முந்நூற்றுப் பத்தைத் தொட்டது.

“ஒரே ஆளுதாம்மா. ஜெசிந்தான்னு காட்டுது. யாரு, சொந்தமா?”

பிரமு கூசிப்போனாள். பெற்ற அம்மாவைப்போல் நான்கு மடங்கு பொறாமையா தனக்குள் கிடந்தது? அடுத்த நொடியே கணக்கு ஓடியது. இது போனால் இடமும் கிடைக்கும், வயிற்றெரிச்சலும் தீரும். வழக்கம்போல் மூன்று முறை சரிபார்த்தாள். படிவத்தில் ‘இதனால் நான் இழப்பது’ என்ற கட்டம் இருந்தது. அதில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினாள். அடுத்தவர் இழப்பதற்குக் கட்டம் இல்லை.

“பக்கத்து ஆள்கிட்ட சொல்லியாச்சா?”

“சொல்லியாச்சு.” படிவத்தின் முன் அவள் சொன்ன முதல் பொய் அதுதான்.

யுகம் கிழியாமல் இறங்கியது. திங்கட்கிழமை பலகையில் பிரமுவின் பெயர் முதலில், தொண்ணூற்றொன்பது என்று இருந்தது. கூட்டம் அவளைச் சூழ்ந்துகொண்டது. அதை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்து தோளில் கைபோட்டாள். அவள்மேல் கருவாட்டு வாசம் லேசாக வீசியது.

“நீதான் வருவேன்னு எனக்கு அப்பமே தெரியும்ட்டி.”

“நன்றிங்க,” என்றாள் பிரமு. “நீங்களும் நம்ம வகுப்பா?”

“பாத்தியா, சான்றுநர் ஆனதும் ஆளு தெரியல.” அந்தப் பெண் சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “சரி, அத விடு. இன்னிக்கு எங்கப்பா செத்த நாளு. கோயில்ல பூசைக்குப் பேரு குடுக்கணும். பேரே வரமாட்டேங்கு. வீட்ல அவரு படம் மாட்டியிருக்கு, யாரோ மாதிரி இருக்கு. எப்படிச் சிரிப்பாரு, என்னய என்ன சொல்லிக் கூப்பிடுவாரு, கொஞ்சம் சொல்லு.”

பிரமுவுக்கு உதவத்தான் ஆசை. சான்றுநராக அவளிடம் வந்த முதல் கேள்வி அது. கண்ணை மூடி, எட்டு யுகங்களையும் தொடக்கத்திலிருந்து முறையாகத் தேடத் தொடங்கினாள். குகை வாசலில் பிள்ளையைச் சுமந்து நின்றவன், கலம் ஏறிப் போய்த் திரும்பாதவன், போர்க்களத்திலிருந்து கடிதம் எழுதியவன் என்று ஆயிரமாயிரம் அப்பாக்கள் எழுந்து வந்தார்கள். யாரைச் சொல்வது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்து மரியாதையாகக் கேட்டாள்.

“கண்டிப்பா சொல்லுதேங்க. உங்க அப்பா எந்த நூற்றாண்டு?”