குறையாத ஊசி

ஊசிக்குழலில் மருந்து குறையவில்லை.

மழை இருட்டில் கண்தான் மங்குகிறது என்று கமலேஸ்வரி முதலில் நினைத்தாள். மூச்சு இழுப்புக்கு ஏற்றும் அமினோபிலின் நாளத்துக்குள் மெல்ல மெல்லத்தான் போக வேண்டும். அவசரப்பட்டால் மூச்சுக்குழாய் திறக்குமுன் இதயம் தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும் என்று தாதிப் பயிற்சியில் மண்டையில் ஏற்றி அனுப்பியிருந்தார்கள். அதனால் கட்டிலருகே கதிரையில் இருந்து, பெருவிரலை ஊசித்தண்டில் வைத்து, மாங்குளத்துக்கு அப்பால் காட்டோரம் கிடந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் தகரக்கூரையில் மழை அறைவதையும், டெட்டோல் நெடியோடு கலந்த ஈரச்சாக்கு வாடையையும், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டிலில் கிடந்த நோயாளி மூக்கனின் நெஞ்சிலிருந்து வந்த நீண்ட விசில் சத்தத்தையும் தாங்கிக்கொண்டு தள்ளிக்கொண்டிருந்தாள்.

ஒட்சிசன் சிலிண்டர் போன கிழமையே முடிந்துவிட்டது. வவுனியாவுக்குப் போன டொக்டர் பாதை மூடியதால் திரும்பவில்லை. உதடு நீலம் பாரித்து வந்த மனிதருக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு ஊசிதான்.

"இப்ப தேவலாமுங்களா, மிஸ்ஸி?" கால்மாட்டில் நின்ற அவர் மனைவி ராக்காயி கேட்டாள். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து இங்கே காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். அவளுக்கு இவரை விட்டால் வேறு யாருமில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ. மருந்து இப்பதானே போகுது."

விரல் மரத்துப்போனது. ஒரு கணம் எடுத்தாள்.

விசில் நின்றது.

திரும்ப அழுத்தினாள். விசில் வந்தது.

தற்செயல்தான் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு மறுபடி எடுத்தாள். நின்றது. அழுத்தினாள். வந்தது. விரலுக்கடியில் தண்டு நகர்வது தெரிந்தது. மருந்து மட்டும் அதே கோட்டில் நின்றது. அப்போதுதான் அவள் மூக்கனின் நெஞ்சைப் பார்த்தாள். அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

இடக்கையால் நாடியைத் தேடினாள். இல்லை. கழுத்தில் தொட்டாள். குளிர். ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாள். உள்ளே ஒன்றுமேயில்லை. வெளியே, அவள் விரலோடு சேர்ந்து, விசில் மட்டும் கேட்டது.

கமலேஸ்வரி ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சிலிருந்து எடுத்தாள்.

"ராக்காயி... இவருக்கு..."

"நிப்பாட்டிறாதீங்க மிஸ்ஸி! மூச்சு வருதுல்ல. நல்லா கேக்குதுல்ல."

விரலை எடுத்தாள். மழைச் சத்தம் மட்டும். ராக்காயி நெஞ்சில் அடித்துக்கொண்டு கத்தினாள்.

"அய்யோ! இருந்த மூச்சயும் நிறுத்திட்டீங்களே!"

எப்போதோ செத்துப்போனவரைத் தானே கொன்றதுபோல இருந்தது கமலேஸ்வரிக்கு. தாங்க முடியவில்லை. அழுத்தினாள்.

விசில்.

ராக்காயியின் அழுகை அடங்கியது. கண்ணைத் துடைத்துச் சிரித்தாள். "நீங்க நல்லா இருக்கணும் தாயே. அப்படியே பிடிச்சுக்குங்க."

யாரையாவது கூப்பிட வேண்டும். யாருமில்லை. எழும்ப வேண்டும். எழும்பினால் நின்றுவிடும். யன்னலில் வெளிச்சம் செத்தது. ராக்காயி அரிக்கன் லாம்பைக் கொளுத்திக் கட்டிலடியில் வைத்தாள்.

மருந்து குறையவில்லை.

மூக்கனின் திறந்த கண்மணி மேல் ஓர் எறும்பு ஏறியது. இமை அசையவில்லை. இன்னொன்று வந்தது. ராக்காயி அவற்றைப் பக்குவமாகத் தட்டிவிட்டு, முந்தானையால் அவர் வாயைத் துடைத்து, தலையைக் கோதினாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்று அவரிடம் கேட்டுவிட்டு, பதிலுக்காகக் கமலேஸ்வரியின் விரலைப் பார்த்தாள்.

கமலேஸ்வரி அழுதுகொண்டே அழுத்தினாள்.