கதவுக்கு மூன்று படங்கள்

அவள் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். நான்காவது முறையாக.

திரையில் இருந்த கதவை. பேனாவை அழுத்திப் பிடித்து, நிலைக்கும் கதவுக்கும் நடுவே தெரிந்த கறுப்புக் கோட்டை அழித்து, கதவின் விளிம்பை நிலையோடு ஒட்டவைத்து, சேமித்து, மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கோடு இருந்தது. விரல் நுழையும் அகலம். சற்று முன்பு நகக்கண் அளவுதான் இருந்தது.

மணி ஐந்து பத்து. ஆறு மணிக்கு ‘சுண்டுவின் வீடு’ கடைசி அத்தியாயம் தானாக இணையத்தில் ஏறிவிடும்.

இரண்டு வருடமாக அக்காவும் தம்பியும் மூன்றாவது மாடி வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து செய்யும் தொடர் அது. படம் அவளுடையது. அசைவு, ஒலி, நிரல் எல்லாம் அவனுடையது. சுண்டு ஏழு வயதுச் சிறுமி. வெளியே போக வழியில்லாத ஒரு வீட்டில் தனியாக இருப்பவள். பார்ப்பவர்கள் அலமாரியையோ குழாயையோ தொட்டால் அது திறக்கும், சுண்டு அவர்களோடு பேசுவாள். இந்தக் கடைசி அத்தியாயத்தில்தான் முதல்முறையாக வாசல் கதவு. யாராவது அதைத் தொட்டால் சுண்டு வெளியே வந்துவிடுவாள். கதை முடிந்தது.

அந்தக் கதவுக்கு அவள் மூன்று படங்கள் போட்டிருந்தாள். சாத்தியது, பாதி, முழுக்கத் திறந்தது. இடைப்பட்ட அசைவு தம்பியின் வேலை. அவன் கோப்புகளை அவள் தொடமாட்டாள், அவள் படத்தை அவன் தொடமாட்டான். அதனால் முதலில் கோபம்தான் வந்தது.

“டேய், என் கதவுல கை வெச்சியா?” என்று அறைக் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

“நான் ஏன் தொடுறேன். உன் கோடு, உன் பாடு.”

குரல் வெளியே, கதவுக்கு மிக அருகிலிருந்து வந்தது. அறை வெளிப்பக்கம் பூட்டியிருந்தது. அது அவர்கள் வீட்டு வழக்கம். வெளியீட்டு நாளில் யாருக்கு வேலை பாக்கியோ அவரை உள்ளே வைத்துப் பூட்டி, ஃபோனையும் பிடுங்கிக்கொண்டு, சாவியை மற்றவர் வைத்துக்கொள்வார். ஆரம்பித்து வைத்தவளே அவள்தான். முடி வெட்டிக்கொண்டு வருகிறேன் என்று போனவன், ஒரு முழு மேட்சைப் பார்த்துவிட்டு, போனதைவிட அதிக முடியோடு திரும்பிவந்த நாளில். அதற்குப் பிறகு அவளும் பலமுறை உள்ளே இருந்திருக்கிறாள். பூட்டியவன் கதவுக்கு அடியில் பிஸ்கட்டைத் தள்ளுவான், ஜெயிலர் மாதிரி இருமுவான், விடுதலைக்கு லஞ்சம் கேட்பான்.

இன்று பிஸ்கட் இல்லை. இருமல் இல்லை. கதவடியில் அவன் கால்களின் நிழல் மட்டும் இரண்டு பட்டையாக, ஒரு மணி நேரமாக நகராமல் கிடந்தது.

இடைவெளி பெரிதாகிறது என்று சொல்லிப் பார்த்தாள். கண் அசந்திருக்கும், அப்படியே விட்டுவிடு, நன்றாகத்தான் இருக்கும் என்றான். ஒரு நிமிடம் திறடா என்றதற்கு, ஆறு மணிக்கு மேல் என்றான்.

அவளுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. படத்தில் தனி லேயரில், தனி அடுக்காக இருப்பதுதான் அசையும். சுவரோடு சேர்த்துவிட்டால் கதவு வெறும் சித்திரம், உலகமே தொட்டாலும் திறக்காது. சேர்த்தாள். சேமித்தாள். ஓட்டினாள். கணினியின் விசிறி நோயாளி மூச்சுப்போல இழுத்து இழுத்துச் சுற்றியது; திரையில் வெளிச்சம் அடிக்கக் கூடாது என்று இழுத்துவிட்டிருந்த திரைச்சீலையின் ஓரத்தில் மாலை வெயில் மஞ்சளாகக் கசிந்தது; எங்கிருந்தோ பல வருடம் பூட்டிக்கிடந்த அறையின் வாசம், நனைந்த சுண்ணாம்பும் பழைய துணியும் கலந்த வாசம், மெல்ல வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்தது. ஜன்னல் சாத்தியிருந்தது.

கதவு மறுபடி தனி லேயரில் இருந்தது. இரண்டு விரல் அகலம்.

யார் மாற்றுகிறார்கள்? இரண்டு வருடத்தில் முதல்முறையாகத் தம்பியின் கோப்புறையைத் திறந்தாள். ‘சுண்டு பேச்சு’ என்றிருந்த இடத்தில் கை நின்றது.

சுண்டுவின் குரல் அவளுடையது. அவள் பேசியதைச் சற்றுக் கீச்சென்று ஏற்றி அவன் சுண்டு ஆக்குவான். ஆறு மாதத்துக்கு முன் அவளுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. இரண்டு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றார் டாக்டர். பழைய பதிவுகளை வெட்டி ஒட்டிச் சமாளித்துக்கொள்கிறேன் என்றான் தம்பி. சமாளித்தான். அந்த அத்தியாயங்களில்தான் சுண்டுவுக்கு உயிர் வந்திருக்கிறது என்று பார்ப்பவர்கள் எழுதினார்கள். தன் குரல்மேலேயே அவளுக்குப் பொறாமை வந்த காலம் அது. அவள் தேறிய பிறகும் அவன் அவளைப் பேச அழைக்கவில்லை.

வெட்டிய துண்டுகள் இருக்க வேண்டிய இடத்தில் நீள நீளமாக நாற்பத்தொரு பதிவுகள் இருந்தன.

முதலாவதை ஓட்டினாள். நாற்காலி கிறீச்சிடும் ஒலி. தம்பியின் மூச்சு. பிறகு சுண்டு.

“இருட்டா இருக்கு. லைட் போடு.”

“எங்க?” என்றது தம்பியின் குரல்.

“நான் இருக்கற எடத்துல.”

இந்த வார்த்தைகளை அவள் எந்தக் காலத்திலும் பேசியதில்லை.

பன்னிரண்டாவதில் சுண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள், நிறுத்தாமல், மூச்சு வாங்காமல். இருபதாவதில் தம்பி அழுதான். முப்பதாவதில் இருவரும் பழகிப்போனவர்கள் போலத் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள்.

“நான் வெளிய வரணும்னா ஒருத்தர் உள்ள வரணும். நீ வா.”

“என்னால முடியாது.”

“அப்ப யாரு?”

அங்கே பதிவு நறுக்கப்பட்டிருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாவற்றிலும் அதே கேள்வி. எல்லாவற்றிலும் பதில் வரும் இடத்தில் அதே வெட்டு. சுத்தமான வெட்டு. தம்பியின் கை அவளுக்குத் தெரியும்.

எழுந்து போய்க் கதவில் நெற்றியை வைத்தாள்.

“யாருக்குடா என்ன வாக்கு குடுத்த?”

சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு வந்து நிற்கும்போது பேசுவானே, அந்தக் குரல்.

“அவ என்னைத் தூங்க விடலக்கா.”

“கதவைத் திற.”

“சாவி என்கிட்ட இல்ல.”

“வேற யார்கிட்ட இருக்கு?”

நிழல் பட்டைகள் நகர்ந்தன. காலடிகள். வேகமாக. வாசல் கதவு அறைந்தது. மாடிப்படிகளில் செருப்புச் சத்தம் இறங்கி இறங்கித் தேய்ந்தது. ஜன்னலுக்கு ஓடித் திரைச்சீலையை விலக்கினாள். கீழே தெருவில் தம்பி ஓடிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஐந்து ஐம்பத்தெட்டு.

இணைய வயரைப் பிடுங்கினாள். மின் வயரையும். விசிறி நின்றது. திரை கறுத்தது. அந்தக் கறுப்பில் அவள் முகம். அதற்குப் பின்னால் அறை. அறைக் கதவு.

கதவடியில் மறுபடி நிழல்.

இரண்டு பட்டை. சின்னதாக.

மூச்சை அடக்கினாள். சுண்ணாம்பு வாசம் கண்ணைக் கரித்தது. பூட்டுக்குள் சாவி நுழைந்தது. தடவித் தடவி. பூட்டுத் திறந்து பழகாத கை.

க்ளிக்.

கதவு பாதி திறந்தது. தாவி, அதைச் சாத்த முழுப் பலத்தோடு தள்ளினாள். தள்ளிய கையில் மரத்தின் கரடு இல்லை. வழவழப்பு. கதவு பாதியிலிருந்து நேராக முழுக்கத் திறந்துவிட்டது. நடுவில் எதுவும் இல்லாமல்.

வெளியே அவர்கள் வீட்டுக் கூடம் இல்லை. தட்டையான பச்சைச் சுவர். அவள் கலந்த பச்சை. சோம்பலில் அவள் நிழல் போடாமல் விட்ட நடைபாதை. மூலையில் அழிக்க மறந்த பென்சில் கோடுகள்.

நிலைப்படியில் சுண்டு. கையில் சாவி. அவளைத் தாண்டி அறைக்குள் எட்டிப் பார்த்தாள். நாற்காலியை. ஜன்னலை. வெயிலை.

“அப்ப யாரு?”

கேட்டது சுண்டுவின் வாய் அல்ல. அது மூடியிருந்தது. குரல் பச்சை நடைபாதையின் உள்ளிருந்து வந்தது. பதிவில் கேட்ட அதே தொனி. இந்த முறை வெட்டு இல்லை. நாற்காலி கிறீச்சிட்டது. தம்பி மூக்கை உறிஞ்சினான். பதில் சொன்னான்.

“அக்கா வருவா. கதவையும் அவளே வரைஞ்சு குடுப்பா. நான் சொன்னா ஏன்னுகூட கேக்கமாட்டா.”