அவசரத்துக்கு ஒரு நம்பர்

அவளுடைய கைப்பைக்குள் போன் அலறியதும், மனநல ஆலோசகரின் வரவேற்பறையில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லோரும் என்றால், வரவேற்பு மேஜை அக்காவும், பக்கத்து நாற்காலியில் இருந்த கிரீஸ் சட்டைக்காரனும்தான்.

அக்கா காதிலிருந்த போனை இறக்கவில்லை. "உங்க அக்கா நம்பர்னு எழுதியிருக்கீங்க... உங்க பைக்குள்ள அடிக்குதே?"

வசமாக மாட்டிக்கொண்டாள். முதல் முறை வருகிறவர்கள் நிரப்பும் படிவத்தில் மற்றதெல்லாம் சுலபம். வியாழன் ஐந்து மணி, ஐம்பது நிமிடம், வர முடியாவிட்டால் முந்தின நாளே சொல்ல வேண்டும்... 'அவசரத்துக்கு யாரை அழைப்பது' என்ற கட்டத்தில்தான் தடுமாறினாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவளுக்குத் திடீர் திடீரென்று மூச்சு முட்டுகிறது, கை நடுங்குகிறது என்று அண்ணனுக்குத் தெரிந்தால்? அப்பா இடத்தில் இருந்து வளர்த்தவன். உனக்கு என்ன குறை வைத்தேன் என்று உடைந்து போவான். அதனால் இல்லாத அக்கா ஒருத்தியை உண்டாக்கி, தன் இரண்டாவது நம்பரையே எழுதிவிட்டாள். உடனே அழைத்துச் சரிபார்ப்பார்கள் என்று யார் கண்டது!

கிரீஸ் சட்டைக்காரன் களுக்கென்று சிரித்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யார் இவன், பல்லைக் காட்டிக்கொண்டு...

அக்கா அடுத்ததாக அவனுடைய படிவத்தை எடுத்து, அதிலிருந்த அவசர நம்பரை அழுத்தினாள். இப்போது அவன் சட்டைப் பையில் மணி அடித்தது.

அடுத்த வாரத்துக்குள் நிஜமான ஆள் வேண்டும், இல்லாவிட்டால் தொடர முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லித்தான் அன்றைக்கு ஐந்து மணிக்கு அவளையும் ஆறு மணிக்கு அவனையும் உள்ளே அனுப்பினாள் அக்கா.

அடுத்த வியாழன் நல்ல மழை. ஆறு மணிக்காரன் ஐந்துக்கு முன்பே, இமையெல்லாம் ஈரமாக வந்து நின்றான். தினமும் ஐம்பது ஜோடிக் கண்களை அளந்து பார்க்கிறவள், இந்த ஒரு ஜோடியை மட்டும் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தாள். அவன் லிஃப்ட் மெக்கானிக்காம். இரண்டு மாதமாக லிஃப்ட் கதவு மூடினாலே வியர்க்கிறதாம். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது... சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பரவால்ல. போன வாரம் நான் சிரிச்சதுக்கு இது சரியாப் போச்சு," என்றவன் கொஞ்சம் தயங்கினான். "எனக்கும் வீட்ல சொல்ல ஆள் இல்ல. உங்களுக்கு நான், எனக்கு நீங்க... எழுதிடலாமா?"

அக்கா அரை மனதோடு ஒத்துக்கொண்டாள். என்ன உறவு என்று கேட்டதற்கு, "பக்கத்து நாற்காலி" என்றான் அவன். அக்கா அப்படியே எழுதினாள்.

வியாழக்கிழமைகள் ஓடின. மூச்சு முட்டுவது குறைந்தது. ஆறு மணிக்காரன் மட்டும் ஐந்துக்கே வருவதை விடவில்லை. அவன் வரும் நேரமாகிவிட்டதா என்று அவளும் கைக்கடிகாரம் பார்ப்பதை விடவில்லை...

ஏழாவது வாரம் துணிந்து அண்ணனிடம் சொன்னாள். "ஏம்மா முன்னாடியே சொல்லல?" என்று மட்டும் கேட்டவன், தன் நம்பரைத் தானே எழுதிக் கொடுத்தான். பல வருடம் சுமந்த பாரம் இறங்கியது போலிருந்தது. வியாழனன்று அக்காவிடம் அதைக் கொடுத்தபோது, அக்கா படிவத்திலிருந்த அவன் பெயரை ஒரே கோடாக அடித்தாள். அப்போது பார்த்தா அவன் உள்ளே வர வேண்டும்?

அடித்த பெயரைப் பார்த்தான். முகம் சுருங்கிவிட்டது. "நல்லது," என்றான். பிறகு அக்காவிடம், தனக்கு வியாழன் வேண்டாம், சனிக்கிழமைக்கு மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, தன் நாற்காலியில் போய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான்.

ரோஷத்தைப் பார்... அவளுக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது. இனி வியாழக்கிழமையில் இவன் இருக்க மாட்டான். ஆனால் மூச்சு முட்டவில்லை, கை நடுங்கவில்லை. பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள்.

அவன் சட்டைப் பையில் மணி அடித்தது. ஒரு நாற்காலி தூரத்தில் இருந்தவளைப் பார்த்துக்கொண்டே எடுத்தான்.

"அவசரமா?"

"இல்ல. அவசரத்துக்கு அண்ணன் வருவாரு... அவசரமே இல்லாதப்ப கூப்பிட எனக்கு ஒருத்தர் வேணும். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

ஜன்னலுக்கு வெளியே மழை தூறத் தொடங்கியிருந்தது. அவன் போனைக் காதிலிருந்து எடுக்காமலே வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பினான்.

"அக்கா... வியாழக்கிழமையே இருக்கட்டும்."