எட்டேகால் மணிப் பறிமுதல்

"ஐயோ! காரைத் தூக்குறாங்க! நம்ம காரைத் தூக்குறாங்க!"

அலறல் சந்தின் இரு முனைகளையும் தொட்டுத் திரும்பியது.

அலறியவர் டீச்சரின் கணவர். முகத்தில் பாதி சவரம், மீதி நுரை.

மணி காலை எட்டேகால்.

டீச்சர் வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் பள்ளிக்கூட டீச்சர் அல்லள். கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவள். பன்னிரண்டு ஆண்டுகள் பிறருடைய பயிற்சிப் பள்ளியில் உழைத்து, சென்ற மாதம்தான் அந்த வேலையை உதறினாள். சேமிப்பு முழுவதையும் போட்டுப் பழைய கார் ஒன்றை வாங்கினாள். சொந்தப் பள்ளி! முதல் மூன்று மாணவர்களுக்கு இன்று பதினொரு மணிக்கு லைசென்ஸ் தேர்வு!

கார் போனால் மாணவர்கள் போவார்கள். மாணவர்கள் போனால்... பழைய முதலாளியின் வாசலில் கைகட்டி நிற்க வேண்டியதுதான்!

காரின் அருகே ஒருவன் நின்றான்.

நெடிய உடல். நீண்ட கழுத்து. தும்பையாய் வெளுத்த சட்டை. ஒற்றைக் காலில் நிற்கவில்லை, அவ்வளவுதான். மற்றபடி கொக்கேதான்!

"வணக்கம்மா," என்றான் கொக்கு. "ஃபைனான்ஸ் கம்பெனியிலேர்ந்து வர்றேன். வண்டியைப் பறிமுதல் பண்ணச் சொல்லி உத்தரவு."

"யாரோட வண்டியை?"

"எங்க வண்டியைத்தாம்மா. ஒரு டாக்டர் எங்ககிட்ட கடன் வாங்கி வாங்கின கார். ஏழு தவணை கட்டலை. அதுக்குள்ள உங்க தலையில கட்டிட்டார் போலிருக்கு... பாவம்."

டீச்சரின் கணவர் நுரை தெறிக்கக் குதித்தார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்! அந்த டாக்டரோட முழியே சரியில்லைன்னு!"

"நீங்க சொன்னது, டாக்டர் தங்கமான மனுஷன்னு!"

"அது... முதல்ல சொன்னது."

"ரெண்டாவதா எப்பச் சொன்னீங்க?"

"மனசுக்குள்ள சொன்னேன்!"

டீச்சர் உள்ளே ஓடி, கோப்பைக் கொண்டு வந்தாள். ஒரு கடிதத்தை உருவிக் கொக்கின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க! கடன் பாக்கி எதுவும் இல்லைன்னு உங்க கம்பெனி கொடுத்த கடிதம்! டாக்டர் கையால வாங்கினேன்!"

கொக்கு அதைத் தொடக்கூட இல்லை. புன்னகைத்தான்.

"நல்ல பிரிண்டர் ஒண்ணு இருந்தா, இதை யார் வேணா அடிக்கலாம்மா. இந்த மாசம் மட்டும் ஆறு பார்த்துட்டேன். பதிவுப் புத்தகத்தைப் புரட்டுங்க. எங்க கம்பெனி பேர் இருக்கா, இல்லையா?"

புரட்டினாள்.

இருந்தது!

வாங்கிய அன்றே அவள் அதைக் கவனித்திருந்தாள். 'பேரை நீக்க ஒரு மாசம் ஆகும்மா. அதுக்குத்தானே கடிதம் தந்திருக்கேன்' என்றார் டாக்டர். நம்பினாள். கம்பெனிக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. புல் பச்சையாய்த் தெரிந்தால், பாறை வழுக்குமா என்று மான் பார்ப்பதில்லை.

"இப்பவே கம்பெனிக்குப் பேசறேன்!"

"ஒன்பதரைக்குத்தான் திறப்பாங்கம்மா. அதுவரைக்கும் எனக்கு நேரமில்லை. முழுப் பாக்கி நாலு லட்சத்தை எடுத்து வையுங்க, இப்படியே போயிடறேன். இல்லைன்னா, சாவி."

"போலீஸுக்குப் போவேன்!"

"தாராளமா போங்க." கொக்கின் குரலில் தேன் சொட்டியது. "கடன்ல இருக்கிற வண்டியை ஏன் வச்சிருந்தீங்கன்னு உங்களைத்தான் முதல்ல கேட்பாங்க. குடும்பம் நடத்துறவங்க... யோசிச்சுக்குங்க."

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. அடுத்த வீட்டு மாடியில் இரண்டு தலைகள் முளைத்தன.

கொக்கு மீனை விரட்டிப் பிடிப்பதில்லை. அமைதியாக நிற்கும். மீனே வரும்!

டீச்சர் சாவியை எடுத்தாள். சாவி கைமாறியது.

"பார்த்து ஓட்டுங்க," என்றார் கணவர், நுரையைத் துடைத்துக்கொண்டே. "அது கொஞ்சம் முரண்டு பிடிக்கும்."

"கவலைப்படாதீங்க சார். இந்த வண்டியை இன்னிக்குத்தான் முதல் தடவையா பார்க்கறேன். பூ மாதிரி ஓட்டிட்டுப் போறேன்."

கொக்கு டிரைவர் இருக்கையில் அமர்ந்தான்.

'டப்!'

பக்கத்து இருக்கையின் கதவு சாத்தப்பட்டது. டீச்சர் பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள்!

"நீங்க எங்கம்மா?"

"ரசீது வாங்க! பன்னிரண்டு வருஷத்துல ரசீது இல்லாம நான் யாருக்கும் எதையும் கொடுத்ததில்லை. உங்க ஆபீஸ் சீலோட வேணும்."

"நானே எழுதித் தர்றேனே..."

"ஆபீஸ் சீலோட!"

கொக்கு மாடியில் முளைத்த தலைகளைப் பார்த்தான். இப்போது அவை ஐந்தாகியிருந்தன. கூச்சல் வேண்டாம்... வழியில் எங்காவது இறக்கிவிட்டால் போயிற்று!

"சரி, வாங்கம்மா."

கார் சந்துக்குள் மூக்கை நுழைத்து நின்றிருந்தது. பின்னால் எடுத்தால்தான் வெளியேற முடியும்.

கொக்கு கியர்த் தடியைக் கீழே அழுத்தினான். இடப்பக்கம் ஒடித்தான். மேலே தள்ளினான்.

கார் வெண்ணெயாய் வழுக்கிப் பின்னால் சென்றது.

டீச்சரின் பார்வை அவன் கையில் நிலைத்தது!

அவள் எத்தனையோ ஆயிரம் கைகளையும் கால்களையும் கண்டவள். புதிய காரில் ஏறும் எவரும் ரிவர்ஸ் கியரைத் தேடுவார்கள். குனிவார்கள். தடவுவார்கள். இந்தக் காரிலோ அதைத் தேடினாலும் கிடைக்காது! எப்போதோ கியர்ப் பெட்டி பழுதாகி, எவரோ ஒரு மெக்கானிக் வேறொரு காரின் பாகத்தைப் பொருத்தி ஒப்பேற்றியிருந்தார். 'இந்த மாடல்ல வேற எந்தக் கார்லயும் இப்படி இருக்காதும்மா, இது ஒண்ணுலதான்' என்று பின்னர் பார்த்த மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். அவளுக்கே பிடிபட இரண்டு நாளாயிற்று.

இவன் முதல் தடவையாகப் பார்க்கிறானாம்... பார்க்காமலே போடுகிறான்!

'வாய் பொய் சொல்லும். கை சொல்லாது!'

டீச்சர் சாலையைப் பார்த்தாள். முகத்தை மாற்றவில்லை.

"ஆபீஸ் எந்தப் பக்கம்?"

"பெரிய ரோட்டைத் தாண்டிம்மா. ஆனா... உங்களை பஸ் ஸ்டாப்புல இறக்கி விட்டுடறேன். ஆபீஸ்ல ஒரே கூட்டமா இருக்கும்."

"சரிங்க. நேரா போகாதீங்க, பள்ளிக்கூட நேரம், மாட்டிக்குவோம். இடதுபக்கம் திரும்புங்க."

திரும்பினான்.

"கண்ணாடியைப் பாருங்க. பின்னாடி லாரி."

பார்த்தான். டீச்சர் சொன்னால் எவருக்கும் கேட்கத் தோன்றும். தொழில் அப்படி!

"இப்ப மறுபடி இடது."

திரும்பினான்... திரும்பிய பிறகே எதிரே இருந்த பலகையைப் படித்தான்.

காவல் நிலையம்!

கொக்கின் கால் ஆக்ஸிலரேட்டரில் இறங்கியது. கார் சீறியது!

அதே கணம், டீச்சரின் கால் இறங்கியது.

'க்ர்ரீச்ச்ச்!'

பயிற்சிக் கார் ஆயிற்றே! ஆசிரியர் இருக்கைப் பக்கம் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. நான்கு நாளைக்கு முன்தான் பொருத்தியிருந்தாள். கொக்கு அந்தப் பக்கம் குனிந்தே பார்க்கவில்லை!

கொக்கின் நெற்றி ஸ்டீயரிங்கில் மோதியது. ஹாரன் அலறியது. எஞ்சின் அணைந்தது. மீண்டும் முடுக்கினான். கார் உறுமியது, அதிர்ந்தது... ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

"காலை எடுங்கம்மா!"

"எடுக்க மாட்டேன்! ரசீது வரட்டும்!"

ஹாரன் சத்தத்துக்கு ஏட்டு ஓடி வந்தார்.

அரை மணி நேரம் பெஞ்சில் காத்திருந்த பிறகு, இருவரும் இன்ஸ்பெக்டரின் மேசைக்கு முன் நின்றார்கள். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப் போகும் மனிதர். தொப்பை முதலில் மேசைக்கு வந்து சேர்ந்துவிடும். அவர் பிறகு வருவார்.

கொக்கு அதற்குள் தேறிவிட்டான். நெற்றியைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே உத்தரவுக் கடிதத்தை நீட்டினான்.

"பணியைச் செய்ய விடாம தடுக்கிறாங்க சார்."

இன்ஸ்பெக்டர் படித்தார். பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பெருமூச்சு விட்டார்.

"ஏம்மா, எல்லாம் சரியாத்தானே இருக்கு? கம்பெனி பேரு இங்கயும் இருக்கு, அங்கயும் இருக்கு. அவர் வேலையை அவர் பார்க்கிறார். நீங்க எதுக்கு நடுரோட்டுல..."

"சார்! இவர் இந்தக் காரை முன்னாடியே ஓட்டியிருக்கார்!"

"எப்படிச் சொல்றீங்க?"

"ரிவர்ஸ் போட்டார் சார்!"

"கார்னா ரிவர்ஸ் போட மாட்டாங்களா?"

"நீங்க போய்ப் போட்டுப் பாருங்க சார்! பத்து நிமிஷத்துல போட்டுட்டீங்கன்னா, நான் சாவியைக் கொடுத்துட்டு நடந்தே வீட்டுக்குப் போறேன்!"

இன்ஸ்பெக்டர் ஏனோ அந்தச் சவாலை ஏற்கவில்லை. லேசாக இருமினார்.

"ஏட்டு, நீங்க போய்ப் பாருங்க."

ஏட்டு சென்றார். வெளியே கியர் கதறும் ஓசை கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. வியர்வையில் குளித்துத் திரும்பினார்.

"சார்... அந்தக் காருக்கு ரிவர்ஸே கிடையாது சார்!"

இன்ஸ்பெக்டரின் புருவம் உயர்ந்தது. கொக்கின் கழுத்து முதன்முறையாகக் கொஞ்சம் உள்ளே போயிற்று.

சுவர்க் கடிகாரம் ஒன்பதரை அடித்தது.

"கம்பெனிக்குப் பேசுங்க சார்," என்றாள் டீச்சர்.

"இதோ நம்பர் சார்," என்றான் கொக்கு, உத்தரவுக் கடிதத்தைக் காட்டி.

"அந்த நம்பர் வேணாம் சார்! அவர் வச்சிருக்கிற நம்பர்ல அவருக்கு வேண்டியவங்கதானே பேசுவாங்க? நீங்களே விசாரிச்சு எடுங்க!"

இன்ஸ்பெக்டர் விசாரித்தே எடுத்தார். பேசினார். கேட்டார். கேட்கக் கேட்க, முகம் மூன்று நிறம் மாறியது.

போனை வைத்தார்.

"ஏம்மா... அந்த டாக்டர் கொடுத்த கடிதம் எங்கே?"

"இதோ. பொய்க் கடிதம் சார்."

"பொய் இல்லைம்மா. நிஜம்!"

"என்ன சார் சொல்றீங்க?"

"கடன் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சாம். காருக்குச் சல்லிக் காசு பாக்கி இல்லை! இப்படி ஓர் ஆளை அவங்க அனுப்பவே இல்லையாம்! பதிவுப் புத்தகத்துல பேரை மட்டும் டாக்டர் வேணும்னே நீக்காம வச்சிருக்கான். நிஜக் கடிதத்தைக் காட்டி வித்தது டாக்டர். பொய் உத்தரவைக் காட்டி மீட்டுட்டுப் போக வந்தது அவன் கூட்டாளி இவன்; ரிவர்ஸ் பழக்கம் அதனாலதான். வாங்கினவங்க, டாக்டர் ஏமாத்திட்டான்னு டாக்டரைத் திட்டிக்கிட்டே இவன் கையில சாவியைக் கொடுத்துடுவாங்க! காரை மறுபடி விற்கலாம்... மறுபடி தூக்கலாம்..."

டீச்சர் நாற்காலியில் பொத்தென்று அமர்ந்தாள்.

"அப்ப... கார்?"

"உங்களுதுதான்! முழுசா!"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். தேர்வுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்! மூன்று மாணவர்களும் பிழைத்தார்கள்.

இன்ஸ்பெக்டர் கொக்கின் போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"உன் டாக்டரைக் கூப்பிடு. ஸ்பீக்கர்ல போடு. வேலை முடிஞ்சுதுன்னு சொல்லு. வேற ஒரு வார்த்தை வந்துது... கழுத்தைத் திருகிடுவேன். திருக நிறையவே இருக்கு!"

கொக்கு அழைத்தான்.

"என்ன மாப்ள, தூக்கிட்டியா?" உற்சாகமான குரல்.

"தூ... தூக்கிட்டேன்."

"சபாஷ்! நான் அடுத்த பார்ட்டி வீட்டுல இருக்கேன்டா. வேற கார், இதே கதை. கடிதத்தைப் பார்த்ததும் விழுந்துட்டாங்க. வீட்டுக்காரம்மா உள்ளே பணம் எடுக்கப் போயிருக்கு. இதுல வேடிக்கை என்ன தெரியுமா? வீட்டுக்காரர் போலீஸாம்டா!"

"போலீஸா? வேணாம்... விட்டுடு..."

"அட மக்கு! போலீஸ்காரன் ஏமாந்தா வெளியே சொல்ல மாட்டான். அதைவிடப் பாதுகாப்பான பார்ட்டி உண்டா?"

அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு பெண் குரல் ஒலித்தது.

"டாக்டர்! எல்லாம் ஐந்நூறா இருக்கு, பரவாயில்லையா?"

இன்ஸ்பெக்டர் நாற்காலியோடு எழுந்தார்.

"அது... அது... என் சம்சாரம்!"

பாய்ந்து சென்று ஸ்பீக்கரை அணைத்தார். தம் போனை எடுத்தார். வீட்டுக்கு அடித்தார்.

"நான்தான் பேசறேன்! அந்தப் பணத்தை..."

"பணம் எண்ணும்போது குறுக்கே பேசாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

'டொக்!'

"ஏட்டு! ஜீப்பை எடு!"

"ஜீப் கோர்ட்டுக்குப் போயிருக்கு சார். டிரைவரும் அதோட போயிட்டார்."

"அம்மா! உங்க காரைக் கொடுங்க! நாலு தெருதான்!"

"எடுத்துக்குங்க சார்!" சாவியை நீட்டினாள் டீச்சர்.

இன்ஸ்பெக்டர் சாவியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். ஏட்டுக்குக் கேட்காமல் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்கு... ஓட்டத் தெரியாதும்மா. முப்பது வருஷமா டிரைவர் இருந்துட்டார். ரிட்டயர் ஆறதுக்குள்ள கத்துக்கலாம்னுதான் கார் பார்த்தோம்..."

டீச்சர் சாவியைச் சுழற்றிக்கொண்டே படியிறங்கினாள்.

"ஏறுங்க சார்! கார் வாங்கறதுக்கு முன்னாடி கம்பெனிக்கு ஒரு போன் போடணும், அது முதல் பாடம். நானே இன்னிக்குத்தான் படிச்சேன், அதனால அது இலவசம். ஸ்டீயரிங்கைத் தொட்டீங்கன்னா... ஃபீஸ் உண்டு!"