போலி லோகநாயகி

லேப்டாப்பில் ஓடிய ஏழு சோதனைகளில் ஆறு தேறிப் பச்சையாகிவிட்டன. ஏழாவது மட்டும் முடியாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. லோகநாயகிக்கு அது உறுத்தியது. சோதனைகளை ஓட்டும் அந்த ஜாவாஸ்கிரிப்ட் டெஸ்ட் கருவி அளவில் துக்கடா என்றாலும், இமை மூடித் திறப்பதற்குள் வேலையை முடித்துவிடும்.

முதுநகர் துறைமுகத்தில் ஒரு மீன் குளிர்கிடங்கு, அதன் வாசலில் அவள். அதன் கதவுக்குப் புதிதாகப் போட்ட மின்பூட்டு, ஆள் உள்ளே போனால் குறித்துக்கொள்ளும், வெளியே வந்தால் அழித்துவிடும். ஒவ்வொரு தடவையும் நிஜ ஆளை நடக்கவிட முடியுமா? அதனால் சோதனைக்கென்று தன் பெயரிலேயே ஒரு போலி ஆளைக் கம்ப்யூட்டருக்குள் உருவாக்கியிருந்தாள். அந்தப் போலி லோகநாயகி உள்ளே போய்விட்டாள். ஏழாவது சோதனையில் வெளியே வர வேண்டியவள், வரவில்லை.

சிதம்பரத்திலிருந்து பைக்கில் அழைத்து வந்த அன்பரசு, கூட வேலை பார்ப்பவன், டீ குடிக்கப் போயிருந்தான். மீன்பிடித் தடைக்காலம், பட்டப்பகலிலும் அங்கே ஈ காக்கை இல்லை. சென்சாரில்தான் கோளாறு, ஒரு நிமிஷ வேலை என்று லேப்டாப்பை இடுக்கிக்கொண்டு கிடங்குக்குள் நுழைந்தாள். பழைய ஐஸ் வாடை, சுவருக்குப் பின்னால் விடாமல் இரையும் மெஷின், காலிப் பெட்டிகளுக்கு இடையே வெள்ளையாகத் தவழும் பனிப்புகை, அதற்குள் தன் செருப்புச் சத்தத்துக்குச் சற்றுப் பிந்தி இன்னொரு செருப்புச் சத்தம். அது அவளைக் கடந்து வாசல் பக்கம் போனது. கதவு மூடிக்கொண்டது.

லேப்டாப்பில் ஏழாவதும் பச்சையானது.

உட்பக்கக் கைப்பிடியைப் புதுப் பூட்டுக்காகக் கழற்றியிருந்தார்கள், பாவிகள். தட்டினாள். தொண்டை கிழியக் கத்தினாள். அரை மணி நேரம். விரல்கள் மரத்துப்போயின. இன்னும் ஒரு மணி நேரம் உடம்பு தாங்காது என்று அவளுக்கே தெரிந்தது. பெட்டி மேல் ஏறி நின்றபோது போனில் ஒரு கோடு சிக்னல் வந்தது. அன்பரசு எடுத்ததும் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"அன்பு, கதவு மூடிக்கிச்சி. வந்து தொற. செத்துருவேன்."

"லோகு போன யாருங்க எடுத்தது? லோகு என் பின்னாடி பைக்ல வருது. ஆலப்பாக்கம் தாண்டிட்டோம்."

"நான்தான் லோகு."

போனில் பைக்கின் இரைச்சல். காற்று. ஒரு லாரி. பிறகு அவள் குரலே, அவள் பேசுவதுபோலவே, நிதானமாக.

"வச்சிடு அன்பு. உள்ள யாரும் இல்ல."

போன் அடங்கியது. யாரும் இல்லாத கிடங்கில் விளக்கு எரியக் கூடாது என்றும் அந்தப் பூட்டுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். கதவுப் பக்கமிருந்து ஒவ்வொரு விளக்காக, அவளை நோக்கி அணைந்துகொண்டே வந்தது.