மூன்று டார்ச், ஒன்பது கறுப்பு வேட்டி

கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி. அங்கே தமிழ்வழி ஆறாம் வகுப்பில் மொத்தமே பன்னிரண்டு பேர்தான். அறிவியல் விழாவில் குறு விண்மீன் மண்டலம், அதாவது சின்ன கேலக்ஸி ஒன்றை நடித்துக் காட்ட இத்தனை பேர் தாராளம் என்றார் பிரேமகுமாரி டீச்சர்.

"அதுல நட்சத்திரம் கொஞ்சம்தான். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள்தான் ஏராளம். அது இழுத்துப் பிடிக்கலைன்னா நட்சத்திரம் எல்லாம் சிதறிப் போயிரும்."

"தெரியாத பொருள் உண்டுன்னு எப்படி டீச்சர் தெரியும்?" என்று கேட்டான் ஆதித்யன்.

"அவ்வளவு வேகமா ஓடியும் நட்சத்திரம் சிதறலையே. அதை வச்சுதான்."

டார்ச் பிடித்த மூன்று பேர் நட்சத்திரம். கறுப்பு வேட்டியைப் போர்த்திய ஒன்பது பேர் கரும்பொருள். வேட்டிக்குப் பஞ்சமில்லை. சபரிமலைக்குப் போய்வந்த அப்பாக்களின் வேட்டி வீட்டுக்கு வீடு இருந்தது. ஆனால் கரும்பொருளாக இருக்கத்தான் ஒருவருக்கும் மனமில்லை.

கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். ஜிஷா, ரெஜி, அஞ்சு மூவரும் நட்சத்திரம் ஆனார்கள். ஜிஷாவின் அம்மா ஓமனா அமரவிளையில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறார். மகள் நட்சத்திரம் என்றதும் விழா நாளுக்கு லீவு சொல்லிவிட்டார்.

ஒத்திகை தொடங்கியது. கரும்பொருள்கள் மூன்று வரிசையாகக் கைகோத்து நடுவில் சேர்ந்து நின்றார்கள். ஒவ்வொரு வரிசையின் நுனியிலும் ஒரு நட்சத்திரம். எல்லோரும் சுற்ற வேண்டும். முகத்தைத் தூக்கி வைத்திருந்த ஒன்பது பேரும் ஏனோதானோவென்று கையைப் பிடித்தார்கள். வேகம் கூடியதும் பிடி நழுவியது. ரெஜி டார்ச்சோடு போய் டீச்சரின் மேசைக்கு அடியில் விழுந்தான்.

"இது சரிவராது. நாளைக்கு ஒரு பாட்டுப் பாடிட்டு இறங்கிருவோம்," என்றார் டீச்சர்.

ஜிஷாவுக்குப் பொறுக்கவில்லை. நேராக ஆதித்யனிடம் போனாள்.

"எலே, இந்தா டார்ச்சு. உன் வேட்டிய எனக்குத் தா."

அம்மாவை நினைத்தால் அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் வேட்டியைப் போர்த்திக்கொண்டு எல்லோரையும் பார்த்தாள்.

"ஓணத்துக்கு வடம் இழுக்கிற போட்டியில ஜெயிச்சது நம்ம கிளாஸாக்கும். இதுவும் அதே வேலைதான். நடுவுல நான் நிக்கேன். கைய விடாம பிடிக்க யாரு உண்டு?"

"நான் உண்டு," என்றது ஒரு குரல். பிறகு எட்டுப் பேரும் வந்தார்கள்.

மறுநாள் அரங்கில் சன்னல்களை அடைத்தார்கள். இருட்டில் மூன்று வெளிச்சங்கள் சுற்றின. வேகம் கூடியது. இன்னும் கூடியது. ஒன்றுகூடச் சிதறவில்லை.

டீச்சர் விளக்கைப் போட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு கைகோத்து நின்ற ஒன்பது கறுப்பு உருவங்களைப் பார்த்ததும் எழுந்த கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது.

ஓமனா மேடைக்குப் பக்கத்தில் வந்தார்.

"மூணு வெளிச்சத்துலயும் உன்னைத் தேடினேன் மக்கா. காணலையே."

"நான் நட்சத்திரம் இல்லம்மா. நடுவுல நின்ன கரும்பொருளாக்கும்."

ஓமனா அவள் கைகளை விரித்துப் பார்த்தார். இரண்டும் சிவந்து கன்றியிருந்தன. அவற்றை விடாமல் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார்.

"அந்த மூணு பேரையும் சிதற விடாம பிடிச்சு வச்சது என் மவளாக்கும்."