சத்தத்தைக் குறைத்தவர்கள்

மாரெட்பள்ளியில், கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர் மேத்யூவின் மாடி வீட்டுக்கு நாங்கள் குடிவந்தது நல்ல வெயில் நேரம். பக்கவாதத்தில் வலப்பக்கமும் பேச்சும் போய்விட்ட மாமனாரைக் கும்பகோணத்திலிருந்து காரில் படுக்கவைத்தே கொண்டுவந்திருந்தோம். ஹாலில் கட்டில் போட ஒரே இடம்தான் இருந்தது, சுவரில் மாட்டியிருந்த பெரிய டிவிக்கு எதிரே. காலமான தன் அம்மா ஜெயசுந்தரியின் கட்டிலும் அங்கேதான் கிடந்தது என்றார் மேத்யூ. தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் இருக்கும் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். டிவியைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னேன். "நக்கோம்மா, வேணாம், அம்மாவோடது, இருக்கட்டும்" என்று படியிறங்கிவிட்டார்.

என் கணவர் தினேஷ் சாஃப்ட்வேர்காரர். சோம்பேறித்தனத்துக்குப் புத்திசாலித்தனம் என்று பெயர் வைப்பதில் அந்தக் கூட்டத்தை மிஞ்ச ஆளில்லை. புது வைஃபை பெட்டி வாங்கி, அந்த அம்மாள் வைத்திருந்த பழைய பெயரையும் பாஸ்வேர்டையுமே அதற்கும் போட்டார். டிவி தானாகச் சேர்ந்துகொள்ளுமாம், எதையும் மறுபடி செட் பண்ண வேண்டாமாம். அந்தப் பெயரைத் தேடிக்கொண்டு வேறு என்னவெல்லாம் வந்து சேரும் என்று அவர் யோசிக்கவில்லை.

ஒரு பகல், நான் சாதம் வடித்துக்கொண்டிருந்தேன். அணைத்துவைத்திருந்த டிவி தானாக ஓடத் தொடங்கியது. ஏதோ தெலுங்கு விளம்பரம். சத்தம் படிப்படியாக ஏறி, அலமாரிப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

திட்டிக்கொண்டே ஹாலுக்கு வந்தேன்.

மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது.

சளி தொண்டையை அடைத்துக் கண்கள் மேலே செருகியிருந்தன. ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் தட்டினேன். மூச்சு வந்தது. டிவி தானாக அடங்கி அணைந்தது. ரிமோட் அலமாரியின் உச்சியில், அவர் கைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. யாரோ இப்போதுதான் நெஞ்சில் தைலம் தடவிக்கொண்டது போல ஹால் முழுக்க வாசனை. எங்கள் வீட்டில் தைலமே கிடையாது.

அவர் கட்டிலிலிருந்து சரியப்போன அன்றும் அப்படியே நடந்தது. பக்கத்துப் பசங்க யாருக்கோ பழைய பாஸ்வேர்டு தெரிந்திருக்கிறது என்றார் தினேஷ். மாற்றித் தொலையுங்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். அதற்குப் பதில் டிவியை இயக்கும் ஆப்பைத் தன் போனில் போட்டுக்கொண்டார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்செட்டோடு, மீட்டிங் நடுவே விரலால் ஓர் இழுப்பு. ஹால் அடங்கிவிடும். பெற்ற அப்பாவை எழுந்து வந்து ஓர் எட்டுப் பார்க்கிற வேலையும் மிச்சம்.

அடுத்த முறை சத்தம் ஏறியபோது, மாமாவுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். எந்தப் போன் அதை இயக்குகிறது என்று ஓரத்தில் ஒரு வரி காட்டியது.

ஜெயசுந்தரி போன்.

மாமா தூங்கியதும் கீழே போனேன். மூக்கு நுனியில் கோபம். செத்தவர் போனை வைத்துக்கொண்டு நோயாளியிடம் விளையாடுகிறீர்களா என்று கேட்டேவிட்டேன். மேத்யூ நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அம்மா போன் அம்மாகிட்டதாம்மா இருக்கு" என்றார். "பெட்டியில, கையிலயே வச்சு மூடிட்டோம். விரலப் பிரிக்க முடியல."

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். அந்த அம்மாளுக்கும் பேச்சு போய்விட்டதாம். யாராவது வர வேண்டுமென்றால் தன் போனை வைத்து டிவி சத்தத்தைக் கூட்டுவாராம். அதுதான் அவர் கூப்பிடும் குரல். இவரும் அதே ஆப்பைத் தன் போனில் வைத்திருந்தார்.

"அன்னிக்கு மேட்ச் பாத்துட்டிருந்தேன். எதுக்கு இவ்ளோ சத்தம்னு கீழ இருந்தே குறைச்சேன். அவங்க ஏத்தினாங்க. நான் குறைச்சேன். அப்புறம் ஏறவே இல்லம்மா."

எனக்கு இரக்கம் வரவில்லை. ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது.

மாடியில் சத்தம் ஏறியது.

இறங்கியது.

மறுபடி ஏறியது. இறங்கியது.

மேத்யூ இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் போன் மேசைமேல் தனியாகக் கிடந்தது. நான் ஓடினேன். பாதிப் படியில் இருக்கும்போதே சத்தம் நின்றுவிட்டது.

மாமாவின் இடக்கை கட்டில் விளிம்பில் தொங்கியது. உடம்பில் சூடு இருந்தது, மூச்சு இல்லை. முதுகைத் தட்டினேன், நெஞ்சை அழுத்தினேன். வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால் தினேஷ் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். கதவை உதைத்துத் திறந்தேன். போன் கையில், கட்டைவிரல் அதன்மேல். என்ன என்பதுபோல் ஹெட்செட்டை ஒரு காதிலிருந்து நகர்த்தினார்.

"உங்கப்பா கூப்பிட்டாருங்க. நீங்க குறைச்சிட்டீங்க."

காரியம் முடிந்து ஊரிலிருந்து திரும்பியதும் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் மாற்றினார். ஆப்பை அழித்தார். கட்டிலை யாருக்கோ கொடுத்துவிட்டார். ஹால் வெறிச்சென்று கிடந்தது.

மறுநாள் பகலில் சத்தம் ஏறியது.

தினேஷ் ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினார்.

நிற்கவில்லை.

காதைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தவரின் கால், கட்டில் கிடந்த இடத்தில் பட்டது. சத்தம் சட்டென்று இறங்கியது. ஓரடி விலகினார். ஏறியது.

"கொஞ்சம் நீ வந்து நில்லு வசந்தி. எனக்கு மீட்டிங் இருக்கு" என்று கிசுகிசுத்தார்.

போய் நின்றேன். சத்தம் குறையவில்லை. அது என்னைக் கூப்பிடவில்லை.

அதற்குள் கீழ்வீட்டு டிவியும் அலறத் தொடங்கியது. மேத்யூ வெறுங்காலோடு மாடியேறி வந்தார். தினேஷின் பக்கத்தில் போய்த் தலைகுனிந்து நின்றார். இரண்டு வீடும் ஒரே நேரத்தில் அடங்கின. அந்தத் தைல வாசனை மறுபடி எழுந்தது.

இப்போதெல்லாம் பகலில் கூப்பிட்டதும் இரண்டு பேரும் அங்கே வந்து நிற்கிறார்கள். யார் நகர்ந்தாலும் ஏறுகிறது. கால் கடுக்கிறது, ஏதாவது செய் என்று தினேஷ் கண்ணாலேயே என்னிடம் கெஞ்சுகிறார். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.